நுண்கால்வாய்களில் உயிரணுக்கள் படியாமல் காத்தல்

ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு நோயை அறியும் கையடக்கக் கருவிகள் இன்று மருத்துவத்தில் முக்கிய இடம் பெற்று வருகின்றன. கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ முடியளவே அகலமுள்ள கால்வாய்களை அமைத்து, அவற்றின் வழியே மிகச் சிறிய அளவு நீர்மத்தைச் செலுத்தி, அதிலுள்ள உயிரணுக்களை எண்ணுவதும் பிரிப்பதும் ஆராய்வதும் இக்கருவிகளின் பணியாகும். இவை நுண்பாய்மக் கருவிகள் எனப்படும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதத்தினர் இரத்தச் சோகை உடையவர்கள். இத்தகைய நாட்டில் இரத்தச் சோதனையைக் கிராமத்து நலவாழ்வு நிலையம்வரை கொண்டுசெல்லும் எந்தக் கருவியும் வரவேற்கத்தக்கதே.

ஆனால் இக்கருவிகளுக்கு ஓர் எளிய பகை உண்டு, அது புவியீர்ப்பு. உயிரணுக்கள் தம்மைச் சூழ்ந்துள்ள நீர்மத்தைவிடச் சற்றே கனமானவை. ஓட்டம் மெதுவாக இருந்தால் அவை வழியிலேயே படிந்துவிடும். கருவியின் எண்ணும் பகுதிக்கு வந்து சேர்வதில்லை. கருவி பழுதடைந்தால் தெரிந்துவிடும். உயிரணுக்கள் படிந்தாலோ கருவி நன்றாகவே இயங்குகிறது, எண்ணும் வருகிறது, அந்த எண் குறைவானது என்பதற்கு எந்த அடையாளமும் இராது. நோயாளி ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் வெள்ளணுக்கள் 15,000 இருப்பதாகக் கொள்வோம். இது நோய்த்தொற்றைக் காட்டக்கூடிய அளவு. அவற்றில் 30 சதவிகிதம் வழியில் படிந்துவிட்டால் கருவி 10,500 என்றே காட்டும். அது இயல்பான அளவின் மேல்வரம்பாகிய 11,000க்குள் அடங்கிவிடுகிறது. படிதலைத் தடுப்பது, ஆய்வுக்கூடத்தின் வசதிக்காக மட்டும் அன்று என்பது இதனால் விளங்கும்.

பெரிய கால்வாயும் சிறிய கால்வாயும்

கால்வாயில் வண்டல் படிவது நம் நாட்டுப் பொறியியலுக்குப் புதிய செய்தி அன்று. பஞ்சாபில் ராவி ஆற்றிலிருந்து பிரியும் மேல் பாரி தோவாப் கால்வாயில் பணியாற்றிய ஆர். ஜி. கென்னடி என்னும் பொறியாளர், வண்டல் படியாமலும் கரையும் தரையும் அரிக்கப்படாமலும் பல்லாண்டுகளாக நிலைபெற்றிருந்த பகுதிகளை அளந்து, தம் முடிவுகளை 1895ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒவ்வோர் ஆழத்துக்கும் பொருத்தமான ஒரு வேகம் உண்டு. அதற்குக் குறைந்தால் வண்டல் படியும், மிகுந்தால் அரிப்பு ஏற்படும் என்பது அவர் கண்ட உண்மை. ஒரு மீட்டர் ஆழமுள்ள கால்வாய்க்கு அவருடைய சூத்திரம் தரும் வேகம் விநாடிக்கு 0.55 மீட்டர்.

வண்டல் மிதந்து செல்வதற்குக் கென்னடி கூறிய காரணம் குறிப்பிடத்தக்கது. ஓடும் நீர் தரையில் உராயும்போது சுழிகள் எழுகின்றன. மேல்நோக்கி எழும் அச்சுழிகளே மணலையும் மண்ணையும் தூக்கிச் செல்கின்றன. அதாவது, ஓட்டத்தின் வேகத்தைவிட அதன் கலக்கமே வண்டலைத் தாங்குகிறது.

நுண்கால்வாயில் இந்தத் துணை கிடைப்பதில்லை. ஓட்டம் சுழற்சி ஓட்டமா, வரிச்சீர் ஓட்டமா என்பதை ரெனால்ட்ஸ் எண் காட்டும். மேலே கூறிய பாசனக் கால்வாயில் அந்த எண் சில லட்சங்கள். 0.1 மில்லிமீட்டர் உயரமுள்ள நுண்கால்வாயில் அது பெரும்பாலும் ஒன்றை ஒட்டியோ அதற்கும் கீழாகவோ இருக்கிறது. குழாய்களில் ஏறத்தாழ 2,000க்கு மேல்தான் சுழற்சி ஓட்டம் தொடங்கும். ஆகவே நுண்கால்வாயில் நீர்மம் அடுக்கடுக்காக, ஒன்றோடொன்று கலவாமல் செல்கிறது. கீழே இறங்கும் உயிரணுவை மீண்டும் மேலே தூக்கிவிடச் சுழி எதுவும் எழுவதில்லை. பெரிய கால்வாயில் இயற்கை இலவசமாகச் செய்யும் பணியைச் சிறிய கால்வாயில் வடிவமைப்பாளரே செய்தாக வேண்டும்.

படியும் வேகம்

நீர்மத்தில் இறங்கும் சிறு கோளத்தின் வேகத்தைக் கணக்கிடும் விதியை ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851ஆம் ஆண்டில் வகுத்தார். அந்த வேகம், கோளத்துக்கும் நீர்மத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டுக்கும், ஆரத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்திலும், நீர்மத்தின் பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும் அமையும். விட்டம் இருமடங்கானால் படியும் வேகம் நான்கு மடங்காகும்.

மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மைக்ரான் விட்டமும் 1.06 அடர்த்தியும் உள்ள உயிரணு ஒன்று நீரில் விநாடிக்கு ஏறத்தாழ 3 மைக்ரான் இறங்குகிறது. கண்ணால் பார்க்கும் உலகில் இது அசைவே இல்லாத வேகம். ஆனால் 100 மைக்ரான் உயரமுள்ள கால்வாயின் மேற்புறத்திலிருந்து தரையை அடைய அந்த உயிரணுவுக்கு அரை நிமிடமே போதும். 20 மைக்ரான் விட்டமுள்ள உயிரணு எட்டு விநாடிகளில் தரையைத் தொட்டுவிடும். 1 மைக்ரான் அளவுள்ள துகளோ விநாடிக்கு 0.03 மைக்ரான்தான் இறங்கும்; நீர் மூலக்கூறுகளின் வெப்ப மோதல்களே அதைப் பெரும்பாலும் மிதக்கவைக்கும். ஆகவே பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களைவிட மனித உயிரணுக்களைக் கையாளும் கருவிகளிலேயே இச்சிக்கல் கடுமையாக உள்ளது.

முக்கியம் தளப்பரப்பே

கால்வாயை உயரமாக்கினால் உயிரணு தரையை அடைய அதிக நேரமாகும், ஆகவே படிதல் குறையும் என்று தோன்றலாம். இது முழு உண்மை அன்று. செலுத்தப்படும் நீர்மத்தின் அளவு மாறாதிருக்கையில் உயரத்தை இருமடங்காக்கினால், ஓட்டத்தின் வேகம் பாதியாகிறது. உயிரணு இறங்க இருமடங்கு நேரம் பெறுகிறது. கால்வாயைக் கடக்கவும் இருமடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. இலாபமும் நட்டமும் சரிசமமாகிவிடுகின்றன.

குடிநீர்த் திட்டங்களோடு தொடர்புடையவர்கள் இதனை நன்கறிவர். படிவுத் தொட்டியின் திறன் அதன் ஆழத்தைப் பொறுத்தது அன்று, தளப்பரப்பைப் பொறுத்ததே என்பதை ஆலன் ஹேசன் 1904ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். தளப்பரப்பைப் படியும் வேகத்தால் பெருக்கினால் கிடைக்கும் கன அளவும், விநாடிக்குத் தொட்டியில் புகும் நீரின் கன அளவும் சமமாக இருந்தால், அவ்வகைத் துகள்கள் யாவும் படிந்துவிடும். குடிநீர்ப் பொறியாளர் துகள்கள் படிய வேண்டும் என்பதற்காகத் தளப்பரப்பைப் பெருக்குகிறார். நுண்பாய்மக் கருவியை வடிவமைப்பவர் அவை படியக் கூடாது என்பதற்காகத் தளப்பரப்பைச் சுருக்க வேண்டும். விதி ஒன்றே, நோக்கம் மட்டும் எதிரானது.

ஒரு கணக்கைக் காண்போம். கால்வாயின் நீளம் 30 மில்லிமீட்டர், அகலம் 0.2 மில்லிமீட்டர், உயரம் 0.1 மில்லிமீட்டர். தளப்பரப்பு 6 சதுர மில்லிமீட்டர். படியும் வேகம் விநாடிக்கு 0.003 மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 0.018 கன மில்லிமீட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.1 மைக்ரோலிட்டர் ஆகிறது. இந்த அளவிலோ இதற்குக் குறைவாகவோ செலுத்தினால் எல்லா உயிரணுக்களும் தரையில் படியும். நிமிடத்துக்கு 11 மைக்ரோலிட்டர் செலுத்தினால் பத்தில் ஒரு பங்கே படியும். இதே கால்வாயை அதன் பக்கவாட்டில் நிறுத்தினால் அகலம் 0.1 மில்லிமீட்டராகவும் உயரம் 0.2 மில்லிமீட்டராகவும் மாறும். தளப்பரப்பு பாதியாகி, இழப்பும் பாதியாகிவிடும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டிய கருவிகளில் இவ்வாறு நிறுத்துதல் இயலாது. பிறவற்றில் இது செலவில்லாத திருத்தமாகும்.

குற்றம் கால்வாயில் மட்டும் இல்லை

கருவியின் கால்வாயைக் கவனமாக வடிவமைத்தவர்கள்கூட, அதற்கு நீர்மம் வந்துசேரும் வழியை மறந்துவிடுவதுண்டு. மேற்கண்ட கருவிக்கு 30 சென்டிமீட்டர் நீளமும் 0.5 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள மெல்லிய குழாயின் மூலம் நிமிடத்துக்கு 11 மைக்ரோலிட்டர் செல்வதாகக் கொள்வோம். அந்தக் குழாயைக் கடக்க நீர்மத்துக்கு ஐந்து நிமிடங்களுக்குமேல் ஆகிறது. அதற்குள் உயிரணு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இறங்கிவிடும். குழாயின் விட்டமோ அரை மில்லிமீட்டர்தான். குழாய் கிடையாகக் கிடந்தால் உயிரணுக்கள் கருவியை எட்டுமுன்பே குழாயின் அடியில் தங்கிவிடும். கருவியில் பத்தில் ஒரு பங்கு இழப்பு என்று கணக்கிட்டவர், வாயிலுக்கு முன்பே ஏறத்தாழ அனைத்தையும் இழந்துவிடுகிறார்.

0.25 மில்லிமீட்டர் உள்விட்டமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாயைப் பயன்படுத்தினால் கடக்கும் நேரம் அரை நிமிடத்துக்கும் குறைகிறது. உயிரணு இறங்கும் தொலைவும் குழாயின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் நின்றுவிடுகிறது. குழாயைக் கிடையாக விடாமல் செங்குத்தாக இறக்கினால், உயிரணு விழுவதற்குக் குழாயின் பக்கச்சுவரே இராது. அது ஓட்டத்தின் திசையிலேயே இறங்கிவிடும்.

நீர்மத்தை அழுத்தித் தரும் சிரிஞ்சிலும் இதே குறை உண்டு. கிடையாக வைத்த 1 மில்லிலிட்டர் சிரிஞ்சின் விட்டம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். அரை மணி நேரத்துக்குள் அதிலுள்ள உயிரணுக்களில் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். சிரிஞ்சின் வாயைக் கீழ்நோக்கி நிறுத்தினாலும் சிக்கல் முற்றிலும் தீர்வதில்லை. வாய்ப்பகுதியின் தோளில் உயிரணுக்கள் குவிந்து, தொடக்கத்தில் செறிவு மிகுந்தும் பிறகு குறைந்தும் வரும். சிரிஞ்சினுள் சிறு காந்தத் துண்டை இட்டு வெளியிலிருந்து சுழற்றுவதும், சிரிஞ்சையே மெல்ல உருட்டிக்கொண்டிருப்பதும் பழக்கத்தில் உள்ள தீர்வுகள். ஆய்வுக்கூடப் பணியாளர்கள் இரத்தக் குழலை 8 முதல் 10 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திய பின்பே சோதனைக்கு எடுப்பதும் இந்தக் காரணத்தினாலேயே.

தேக்கங்களைத் தவிர்த்தல்

சராசரி வேகம் போதுமானதாக இருந்தாலும், ஓட்டம் தேங்கும் இடங்களில் உயிரணுக்கள் சேரும். கூரிய மூலைகள், குறுகலிலிருந்து திடீரென விரியும் பகுதிகள், பயன்படாமல் மூடப்பட்ட கிளைகள், குழாய் கருவியோடு சேரும் வட்டக் குழிகள் ஆகியவை இத்தகைய இடங்கள். மூலைகளை வளைவாக்க வேண்டும். விரிவைப் படிப்படியாக அமைக்க வேண்டும். நுழைவாயிலின் குழி குழாயின் அளவுக்கு மேல் பெரிதாக இருத்தலாகாது. படிந்த உயிரணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளாதிருக்க, அல்புமின் போன்ற புரதத்தைக் கொண்டு கால்வாயின் உட்புறத்தை முன்கூட்டியே பூசுவது வழக்கம். பூச்சு ஒட்டுதலைத் தடுக்குமேயன்றிப் படிதலைத் தடுக்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

குறுகலாக்குவதற்கும் எல்லை உண்டு. உயிரணுவின் விட்டத்தைப்போலச் சில மடங்காவது கால்வாய் அகலமாக இல்லாவிடில் அடைப்பு ஏற்படும். தேவைப்படும் அழுத்தமும் விரைவாக உயரும். வேகத்தைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. சுவரருகே ஏற்படும் சறுக்குத் தகைவு 150 பாஸ்கல் அளவை எட்டும்போது சிவப்பணுக்கள் சிதையத் தொடங்கும். மேலே கண்ட கால்வாயில் அது அரை பாஸ்கல் அளவே. ஆகவே எண்ணும் கருவிகளில் வேகத்தைக் கூட்ட இடமிருக்கிறது. ஆனால் சுவரில் உயிரணுக்களை வளர்க்கும் கருவிகளில் 1 பாஸ்கல் அளவுகூட அவற்றின் இயல்பை மாற்றக்கூடும். படியவும் கூடாது, அரிக்கவும் கூடாது என்று கென்னடி கூறிய இரு வரம்புகள் இங்கும் வேறு உருவில் நிற்கின்றன.

நீர்மத்தை மாற்றுதல்

வடிவத்தை மாற்ற இயலாத இடத்தில் நீர்மத்தை மாற்றலாம். உயிரணுவின் அடர்த்தியும் நீர்மத்தின் அடர்த்தியும் சமமானால் அது இறங்கவோ ஏறவோ காரணம் இல்லை. இதற்காக அயோடிக்சனால் என்னும் பொருளின் கரைசல் பெரிதும் பயன்படுகிறது. 60 சதவிகிதக் கரைசலின் அடர்த்தி 1.32. அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை உயிரணுக் கரைசலில் சேர்த்தால் அடர்த்தி 1.06ஐ ஒட்டி அமையும். தனித்தனி உயிரணுக்களைச் சிறு துளிகளில் அடைத்து அவற்றின் மரபுச் செய்தியைப் படிக்கும் ஆய்வுகளில் இம்முறை வழக்கமாகக் கையாளப்படுகிறது.

சர்க்கரையைக் கரைத்தும் அடர்த்தியை உயர்த்தலாம் என்றாலும், அது உயிரற்ற துகள்களுக்கே ஏற்றது. உயிரணுவைச் சுற்றிச் சர்க்கரைச் செறிவு மிகுந்தால் சவ்வூடு பரவலால் நீர் வெளியேறி உயிரணு சுருங்கும். சுருங்கிய உயிரணுவின் அடர்த்தியும் மாறிவிடும். மேலும், ஒரே மாதிரியில் பலவகை உயிரணுக்கள் உண்டு. வெள்ளணுவுக்குப் பொருந்தும் அடர்த்தி, 1.10 அளவில் உள்ள சிவப்பணுவுக்குப் பொருந்தாது. எனவே இது எல்லாவற்றுக்குமான மருந்து அன்று.

ஓட்டத்தின் துணை

சுழற்சி ஓட்டம் இல்லாவிடினும், வரிச்சீர் ஓட்டத்தையே பக்கவாட்டில் திருப்பிவிட முடியும். கால்வாயின் தரையில் மீன்முள் வடிவில் சாய்வான பள்ளங்களைச் செதுக்கினால் நீர்மம் முறுக்கிக்கொண்டு முன்னேறும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் காட்டினர். நீர்மங்களைக் கலப்பதற்காக வகுக்கப்பட்ட இவ்வமைப்பு, தரையருகே உள்ளதை மேலே கொணரவும் உதவும். ஆனால் ஓட்டம் மெதுவானால் அதே பள்ளங்கள் உயிரணுக்கள் தங்கும் குழிகளாகிவிடும்.

வேகமான ஓட்டத்தில் வேறொரு விளைவும் தோன்றுகிறது. குழாயில் செல்லும் துகள்கள் மையத்திலும் தங்காமல் சுவரிலும் ஒட்டாமல், ஆரத்தில் ஏறத்தாழ 0.6 பங்கு தொலைவில் வளையமாகச் சேர்கின்றன என்பதை செக்ரே, சில்பர்பெர்க் என்னும் இருவர் 1961ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். சுவரருகே செல்லும் துகளை விலக்கித் தள்ளும் இவ்விசையைக் கொண்டு உயிரணுக்களைத் தரையிலிருந்து அகற்றி வரிசையாகச் செலுத்தும் கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன. ஒலியலைகளைக் கொண்டு உயிரணுக்களைக் கால்வாயின் நடுவே தாங்கி நிறுத்துவதும் உண்டு. இவ்வழிகளுக்குக் கூடுதல் அழுத்தமோ மின்கருவியோ தேவைப்படுவதால், எளிய வழிகள் போதாத இடத்திலேயே இவற்றை நாட வேண்டும்.

படிதலே பயனாகும் இடம்

படிதல் எப்போதும் தீங்கு அன்று. நுண்ணோக்கியில் இரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் நியூபவர் அறையின் ஆழம் 0.1 மில்லிமீட்டர். அதில் நீர்மத்தை நிரப்பிச் சில நிமிடம் அசைக்காமல் வைத்த பிறகே எண்ணுகிறார்கள். உயிரணுக்கள் அனைத்தும் ஒரே தளத்தில் இறங்கினால்தான் தெளிவாகத் தெரியும். அங்கே நீர்மம் ஓடுவதில்லை. படியும் அணு எண்ணிக்கையிலிருந்து தப்புவதும் இல்லை. ஓடும் கருவியில் படியும் அணு கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. இவ்வேறுபாடே எல்லாவற்றுக்கும் அடிப்படை.

களத்தில் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டின் வெப்பம் இதில் தனிக் கவனத்துக்குரியது. 20 பாகை செல்சியசில் நீரின் பாகுநிலை 1 மில்லிபாஸ்கல் விநாடி. 40 பாகையில் அது 0.65 ஆகக் குறைகிறது. பாகுநிலை குறையக் குறையப் படியும் வேகம் கூடும். குளிரூட்டப்பட்ட ஆய்வுக்கூடத்தில் சீராக இயங்கிய கருவியில், கோடையில் மின்விசிறி மட்டுமே உள்ள நிலையத்தில் உயிரணுக்கள் ஒன்றரை மடங்கு விரைவாகப் படியும். 20 பாகையில் 10 சதவிகிதமாக இருந்த இழப்பு அங்கே 15 சதவிகிதமாகும்.

இக்குறையைக் கண்டறியும் சோதனை எளியது. எண்ணிக்கை முன்பே தெரிந்த மாதிரி ஒன்றைக் கருவியில் செலுத்தி, தொடக்கத்திலும் 10, 20, 30 நிமிடங்களிலும் வெளிவருவதை எண்ண வேண்டும். எண் மாறாதிருந்தால் மட்டும் போதாது. அது தெரிந்த எண்ணோடு ஒத்துமிருக்க வேண்டும். நேரம் செல்லச் செல்ல எண் குறைந்தால் சிரிஞ்சிலோ குழாயிலோ படிதல் நிகழ்கிறது. தொடக்கத்திலிருந்தே குறைவாக இருந்தால் நுழைவாயிலையும் கால்வாயையும் ஆராய வேண்டும். இச்சோதனையை 20 பாகையிலும் 40 பாகையிலும் செய்தல் நலம்.

கருவிகளை வாங்கும் அலுவலர்கள் விலையையும் சோதனைக்கு ஆகும் நேரத்தையும் கேட்பது இயல்பு. அவற்றோடு, அரை மணி நேரத்துக்குப் பின் எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது, எந்த வெப்பநிலையில் அது அளக்கப்பட்டது, மாதிரி கருவியில் காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளையும் கேட்பது அவசியம். மாணவர்களுக்கோ இத்துறை ஒரு நல்ல பாடமாகும். ஸ்டோக்ஸ் விதியும் ஹேசன் விதியும் பாடநூலில் தனித்தனியே இருப்பவை. பாசனக் கால்வாயும் குடிநீர்த் தொட்டியும் இரத்தச் சோதனைக் கருவியும் அவற்றால் ஒன்றாக இணைகின்றன. கணக்கைத் துளி புறப்படும் இடத்திலிருந்து தொடங்கி, எண் தோன்றும் இடம்வரை விடாமல் செய்பவரே நம்பத்தக்க கருவியைப் படைக்க முடியும். அந்த எண்ணை நம்பித்தான் தொலைவிலுள்ள நிலையத்தில் ஒரு மருத்துவர் மருந்து எழுதுகிறார்.